வேலையை விடாமல் டெரிட்டோரியல் ஆர்மியில் சேரலாமா? உள்ளே உண்மையில் என்ன வேலை?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் பேரூர் பக்கம். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, கல்லூரியில் படிக்கும் தங்கை.

2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் நிலச்சரிவு நடந்தபோது, எங்கள் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து அரிசி, போர்வை, நாப்கின் எல்லாம் ஏற்றிக்கொண்டு கல்பற்றா வரை போனோம். அதற்கு மேலே விடவில்லை. அங்கே ஒரு டீக்கடையில் முழங்கால் வரை சேறு காய்ந்த பேன்ட்டோடு நின்ற ஒருவர் எங்களிடம் தமிழில் பேசினார். ராணுவமா என்று கேட்டதற்கு, டி.ஏ., அதாவது டெரிட்டோரியல் ஆர்மி என்றார். வருடத்தில் சில மாதம் சீருடை, மீதி நாள் ஊரில் விவசாயமாம். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அதே வருடம் நவம்பரில் நம்மூர் பி.ஆர்.எஸ். மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். எனக்கு ஷிப்ட் இருந்ததால் போக முடியவில்லை. அடுத்த தடவை போகலாம் என்று இருக்கிறேன். ஆனால் தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. உள்ளே என்ன வேலை கொடுப்பார்கள்? வெள்ளம், நிலச்சரிவு என்றால் நம்மை அனுப்புவார்களா? கம்பெனி வேலை என்ன ஆகும்? 2025 மே மாதம் டிவியில் “டெரிட்டோரியல் ஆர்மியை அழைக்க அதிகாரம்” என்று ஓடியதிலிருந்து அம்மா இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். நண்பன் ஒருவன், ஊருக்கு உதவுவதுதான் ஆசை என்றால் ஊர்க்காவல் படையே போதுமே என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி_தெற்கு:

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஊர்க்காவல் படையில் இருக்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. எங்களுக்கு மாதத்தில் சில நாள்தான் ட்யூட்டி, நாள் கணக்கில் படி. போலீசோடு சேர்ந்து திருவிழா பந்தோபஸ்து, போக்குவரத்து, தேர்தல், புயல் வெள்ளம். ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கடலோர மாவட்டங்களில் மீனவ இளைஞர்களை எடுத்து, கடலோரக் காவலுக்கும் ஊர்க்காவல் படை வைத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு நின்றுவிட்டது. நாலு பக்கமும் ரோடு அறுந்துவிட்டதால் வெளியிலிருந்து எந்தப் படையும் உடனே வர வழியில்லை. ராணுவமும் ஹெலிகாப்டரும் பிறகு வந்தன. வந்து நன்றாகவே வேலை பார்த்தார்கள். அந்த முதல் இரவில் ஆளைத் தூக்கியது மீனவர்களின் படகும், தெரு தெருவாக யார் வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்த உள்ளூர்ப் பையன்களும்தான். ரயிலில் மாட்டியவர்களுக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள்.

அதனால் உங்கள் ஊருக்கு உதவ வேண்டும் என்பது மட்டும் ஆசை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். டி.ஏ.வில் சேர்ந்தால் உங்கள் ஊர் மூழ்கும் நாளில் நீங்கள் காஷ்மீரில் இருக்கலாம்.

பழைய ஹவில்தார்:

தம்பி, நான் சிவிலியனாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். யூனிட் அழைக்காத காலங்களில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். உன் நிலைமை எனக்குப் புரிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே தூத்துக்குடி நண்பர் சொன்ன கடைசி வரி சரி. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

முக்கால்வாசி நேரம் நின்று காவல் காப்பதுதான் வேலை. வெடிமருந்துக் கிடங்கு, பாலம், ரயில் பாதை, எண்ணெய்க் குழாய், கான்வாய் போகும் சாலை. 1948இல் சட்டம் போட்டு, 1949 அக்டோபர் 9ஆம் தேதி ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து இந்தப் படையைத் தொடங்கிவைத்தார். ஒரே இடத்தில் நின்று காக்கும் வேலையிலிருந்து நிரந்தர ராணுவத்தை விடுவிக்க வேண்டும், இயற்கைச் சீற்றத்தில் சிவில் நிர்வாகத்துக்குக் கைகொடுக்க வேண்டும், அத்தியாவசியச் சேவைகள் நின்றுபோகாமல் பார்க்க வேண்டும், கேட்டால் ராணுவத்துக்குப் பட்டாலியன் கொடுக்க வேண்டும். இவ்வளவும் நம் கடமை. 1962, 1965, 1971 மூன்று போரிலும் டி.ஏ. ஆட்கள் இருந்தார்கள்.

யூனிட் அழைத்து முழுநேரச் சீருடைப் பணியில் வைப்பதை எம்பாடிமென்ட் என்பார்கள். என் முதல் எம்பாடிமென்ட் அசாமில், ஒரு ரயில் பாலத்தில். இரண்டு முனையிலும் மண்மூட்டை அடுக்கிய போஸ்ட். இரண்டு மணி நேரம் சென்ட்ரி, நாலு மணி நேரம் ஓய்வு, திரும்ப சென்ட்ரி. மழைக்காலத்தில் தண்ணீர் தூணில் எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து ஸ்டேஷனுக்குச் சொல்வோம். தண்டவாளத்தில் புதிதாகக் கிளறின ஜல்லி எங்காவது தெரிகிறதா என்று விடியற்காலையில் முதல் வண்டிக்கு முன்னால் நடந்து பார்ப்போம். ஒரு அட்டாக்கும் நடக்கவில்லை. கூட இருந்த பையன்கள் சிலருக்கு அதில் ஏமாற்றம். சினிமா மாதிரி ஏதாவது நடக்கும் என்று வந்தவர்கள். எங்கள் சுபேதார் சாப் பாலத்துக்கு மேலே போகிற கூட்ஸ் வண்டியைக் காட்டுவார். பீரங்கி, டீசல், அரிசி, எல்லாம் அதில்தான் எல்லைக்குப் போகிறது. நாம் இங்கே நிற்காவிட்டால் எல்லையில் நிற்க வேண்டிய ஒரு கம்பெனி ராணுவ வீரர்களைக் கொண்டுவந்து இங்கே நிறுத்த வேண்டும் என்பார். டி.ஏ. எதற்கு என்று யார் கேட்டாலும் நான் அந்தப் பாலத்தைத்தான் சொல்வேன்.

தோனி 2019இல் காஷ்மீரில் 106 டி.ஏ. பாரா பட்டாலியனோடு இருந்தாரே, அப்போது அவருக்கு என்ன ட்யூட்டி என்று ராணுவம் சொன்னது தெரியுமா? ரோந்து, கார்டு, போஸ்ட் ட்யூட்டி. கௌரவ லெப்டினன்ட் கர்னலுக்கும் அதே வேலைதான்.

நின்று காப்பதுதானே, ஆபத்தில்லை என்றும் நினைக்காதே. 2022 ஜூன் 30, மணிப்பூர் நோனே மாவட்டம், துபுல். ஜிரிபாம் இம்பால் ரயில் பாதை போடுகிறவர்களுக்குக் காவலாக 107 டி.ஏ. பட்டாலியன் முகாம் போட்டிருந்தது. இரவில் மலை சரிந்து முகாமையே மூடிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் டி.ஏ.காரர்கள். பலர் டார்ஜிலிங் மலைப் பக்கத்துப் பையன்கள். ஒரு தோட்டாவும் சுடாத இடம் அது. அவர்கள் பெயர் நம் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு நாளைக்கு மேல் வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இப்போது உன் வயநாடு. கோழிக்கோட்டில் 122 டி.ஏ. மெட்ராஸ் பட்டாலியன் இருக்கிறது. நிலச்சரிவு நடந்த சூரல்மலைக்கு அங்கிருந்து ஒரு காலை நேரப் பயணம். அதனால்தான் முதல் நாளே ராணுவம் அனுப்பிய நாலு அணியில் இரண்டு அந்தப் பட்டாலியனிலிருந்து போனது, இன்னும் இரண்டு கண்ணூரில் இருக்கிற ராணுவப் பாதுகாப்புப் படையான டி.எஸ்.சி.யிலிருந்து. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுகிற 190 அடி பெய்லி பாலத்தை, ராணுவப் பொறியாளர் பிரிவான பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் போட்டார்கள். ஒரு இரவும் ஒரு பகலும் எடுக்காமல் முடித்தது பெரிய சாதனை. ஆனால் பாலத்தின் சாமான் டெல்லியிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்து சேர வேண்டும் இல்லையா? அது வருகிறவரைக்கும் ஆற்றில் கயிறு கட்டி, கையோடு கை கோத்து ஆட்களை இந்தப் பக்கம் கொண்டுவர, பக்கத்திலேயே இருக்கிற பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். பக்கத்தில் இருப்பதும், மண்ணையும் மொழியையும் அறிந்திருப்பதும் டி.ஏ.வின் பலம். மோகன்லால் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பதும் அதே 122தான்.

ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொள். வெள்ளம் வந்ததும் நீ வீட்டில் இருந்து கிளம்பிப் போய்விட முடியாது. நிர்வாகம் ராணுவத்தைக் கேட்க வேண்டும், ராணுவம் உத்தரவு போட வேண்டும். அந்த நேரத்தில் யூனிட்டில் எம்பாடி ஆகி இருப்பவர்கள்தான் லாரியில் ஏறுவார்கள். வீட்டில் இருக்கிற உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அதற்குத் தனி உத்தரவு. அதனால் நேரத்துக்கு உதவி என்ற கணக்கில் பார்த்தால் முதல் ஆறு மணி நேரம் மீனவரும் ஊர்க்காவல் படையும்தான். அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும், பக்கத்தில் யூனிட் இருந்தால் டி.ஏ.வும் அதற்கு அடுத்து. பத்து நாளுக்கு மேல் ஓடுகிற வேலைக்கு, சேறு அள்ளவும் பாதை திறக்கவும் காவல் நிற்கவும், கட்டுப்பாட்டோடு நூறு பேர் வேண்டும் என்றால் அங்கே படையை மிஞ்ச ஆளில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். 2025 மே மாத அறிவிப்பு, டி.ஏ. விதி 33இன்படி ராணுவத் தளபதிக்குக் கொடுத்த அதிகாரம். இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ எம்பாடி செய்யலாம் என்பது அதில் இருந்தது. எல்லோரையும் மறுநாளே எல்லைக்கு ஏற்றிவிட்டார்கள் என்று டிவியில் சிலர் பேசியது தப்பு. ஆனால் அம்மாவிடம் “எல்லைக்கே போக மாட்டேன்” என்று மட்டும் சொல்லிச் சேராதே. போக வேண்டி வரும். காஷ்மீரும் வரும், வடகிழக்கும் வரும். அது தெரிந்து அவர் சம்மதித்தால்தான் உனக்கும் நிம்மதி.

சம்பளம்: எம்பாடி ஆகி இருக்கும் காலத்துக்கு நிரந்தர ராணுவத்துக்கு உள்ளதே உனக்கும். வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஜவான்களுக்கு மொத்தம் 15 வருடம் எம்பாடிட் சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன், அது நம் கையில் இல்லை. பென்ஷனை நம்பி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவேன். வேறு ஒரு வருமானம் இருக்கிறவனுக்கான படை இது.

மரம் நடுகிற டி.ஏ. பட்டாலியன்களும் உண்டு, 1982 முதல் மசூரியில் சுண்ணாம்புக் குவாரிகள் சுரண்டிப் போட்ட மலையைப் பச்சையாக்கியது அவர்கள்தான். அதில் முன்னாள் ராணுவத்தினர்தான் இருப்பார்கள், உனக்குப் பொருந்தாது.

நொய்யல்கரை:

அண்ணா, ரொம்ப நன்றி. பாலத்துக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், முழுவதும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை. கம்பெனி விஷயம்தான் இன்னும் குழப்பம். சட்டத்தில் வேலைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? அப்புறம், பெண்கள் சேரலாமா என்று தங்கை கேட்கச் சொல்கிறாள்.

பர்சனல்_ஆபீஸ்:

தொழிற்சாலைகளில் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு இருக்கிறது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுப் போனவர் திரும்பி வந்தால், அவர் போகாமல் இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் முதலாளி சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த 7பி பிரிவு வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகள் அறுபடாமல் காக்கிறது. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

ஆனால் இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு பலம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி மறுத்து விஷயம் அதிகாரியிடம் போனால், வேலை கொடுக்கச் சொல்லலாம். அல்லது ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். கம்பெனிக்கு அது பெரிய தொகை இல்லை. நான் முன்பு இருந்த ஒரு மில்லில், வடகிழக்கில் பணி முடித்து வந்த தொழிலாளியை “இப்போது காலி இடம் இல்லை, அடுத்த மாதம் வா” என்று மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். யூனிட்டிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள். சேர்த்தும் அவர் பார்த்த மெஷின் கொடுக்கவில்லை, வைண்டிங்கில் போட்டார்கள். நாட்டுக்காக நின்றுவிட்டு வந்தவரை இப்படி நடத்தியதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, சண்டை போட்டேன்.

இந்தப் படையின் பாரத்தை அரசு மட்டும் சுமப்பதில்லை; ஆளை விட்டுக்கொடுக்கிற முதலாளியும் சுமக்கிறார், பெரும்பாலும் சின்ன முதலாளி. அவருக்கு மாற்று ஆள் போட எந்த உதவியும் கிடைப்பதில்லை. 7ஏ பிரிவை வைத்து மட்டும் மல்லுக்கட்டினால் எரிச்சல்தான் வளரும். ஆகவே தம்பி, நீங்கள் கம்பெனி ரோலில் நிரந்தரமாக இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். காண்ட்ராக்டில் இருந்தால், யார் உங்கள் முதலாளி என்ற கேள்வியிலேயே வழக்கு மாட்டிக்கொள்ளும். தடையில்லாச் சான்று எப்படியும் வேண்டியிருக்கும். அதைக் கேட்கும்போதே, வருடத்தில் இரண்டு மாதம் பயிற்சி, அழைப்பு வந்தால் அதற்கு மேலும் ஆகலாம் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பம்ப் கம்பெனியில் ஆர்டர் குறைவான மாதங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லிப் பேசினால் பல மேனேஜர்கள் இறங்கி வருவார்கள்.

தங்கைக்கு: சட்டத்தில் “எந்த நபரும்” என்றுதான் இருக்கிறது, அதில் பெண்களும் அடக்கம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு அதிகாரி தேர்வு அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வு, நேர்காணல், அப்புறம் எஸ்.எஸ்.பி. என்ற ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை என்று நீண்ட பாதை. அறிவிப்பில் உள்ள இடங்களின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மலைக்கோட்டை_அக்கா:

என் வீட்டுக்காரர் டி.ஏ.வில் இருக்கிறார். திருச்சியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறோம். ஆண்கள் எல்லோரும் வேலை, சட்டம் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் அம்மா இடத்தில் நின்று நான் கொஞ்சம் சொல்கிறேன் தம்பி.

அவர் போகும்போது கஷ்டம் இல்லை. பெட்டி கட்டி, ஸ்டேஷனுக்குப் போய், எல்லோரும் பெருமையாகத்தான் அனுப்புவோம். மூன்றாவது மாதம்தான் பாரம் தெரியும். வயரிங் வேலைக்கு அவரைத்தான் தெரியும் என்று வந்த வாடிக்கையாளர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். மாமியாருக்கு முடியாமல் போகும். பேங்கில் கையெழுத்து வேண்டும் என்பார்கள், அவர் சிக்னல் இல்லாத மலையில் இருப்பார். கடையில் உட்கார்ந்து சுவிட்சுக்கும் எம்.சி.பி.க்கும் விலை சொல்ல நான் பழகிக்கொண்டது அப்போதுதான்.

திரும்பி வந்தாலும் வேறு மாதிரி ஒரு சிரமம். ராணுவச் சம்பளம் நின்றுவிடும், கடையோ பாதியாகி இருக்கும். அந்த இடைவெளிக்கு ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்துவைக்காமல் சேராதீர்கள். வண்டிக்கோ வீட்டுக்கோ மாதத் தவணை இருந்தால் முதலில் அதைக் கழியுங்கள். பேங்க் கணக்கை அம்மாவோடு சேர்த்து ஜாயின்ட் ஆக்குங்கள். கேஸ், கரண்ட் பில், தங்கையின் காலேஜ் ஃபீஸ், எல்லாம் எப்போது எங்கே கட்டுவது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். யூனிட்டின் நம்பரும், கூடச் சேர்கிற இரண்டு பையன்களின் வீட்டு நம்பரும் அம்மாவிடம் இருக்கட்டும். துபுல் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே இல்லை, இருந்தாலும் டிவியில் டி.ஏ. என்று மட்டும் காட்டினார்கள். மத்தியானம் வரைக்கும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்து ஜவான் வீட்டு அக்காதான் போன் செய்து, நம்மவங்க இல்லைம்மா என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: அவர் போவதை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. யாரோ ஒருவர் அங்கே நிற்கத்தானே வேண்டும். வீட்டைத் தயார் செய்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பழைய ஹவில்தார்:

அக்கா எழுதியதை அப்படியே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள் தம்பி. யூனிட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆள் எடுக்கும் ரேலிக்கு: ஜி.டி. என்ற பொதுப் பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. வயது 18 முதல் 42, உனக்கு அவசரமே இல்லை. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில்தான் பாதிப் பேர் வெளியே போவார்கள். ரோட்டில் ஓடாதே, முழங்கால் போய்விடும். பேரூரில் இருக்கிறாய், குளக்கரையில் ஓடு. ஷூ போட்டுப் பழகு. கோவையில் மே மாதமும் ரேலி வரலாம் என்று நினைத்து வெயிலிலும் கொஞ்சம் ஓடிப் பார். பல், காது இரண்டையும் முன்பே டாக்டரிடம் காட்டிவிடு. சின்னக் குறைக்காக மெடிக்கலில் திரும்பிப் போன நல்ல பையன்கள் நிறையப் பேர்.

மதிப்பெண் சான்றிதழ் அசல், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒவ்வொரு ரேலியிலும் எந்த மாவட்டத்துக்கு எந்த நாள் என்று பிரித்துப் போடுவார்கள். தப்பான நாளில் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு “சீட்டு வாங்கித் தருகிறேன்” என்று எவனாவது வந்தால் போலீசுக்குச் சொல், அப்படி ஒரு சீட்டே கிடையாது.

கேரளம், வயநாடு பக்கம் ட்யூட்டி கிடைக்குமா என்று தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாய். கேட்டு வாங்க முடியாது. கோவை ரெட் ஃபீல்ட்ஸில் நம் 110 டி.ஏ. மெட்ராஸ் பட்டாலியன் இருக்கிறது, வாசலில் கார்டு ரூம் உண்டு. ஒரு நாள் காலையில் போய் அடுத்த ரேலி பற்றி மரியாதையாகக் கேள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.